கேட்டவர் நிற்காமல் போனால் என்ன பதில் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன. ஆங்கிலம் பேசுகிறவர்கள் பார்த்ததும் சொல்லுகிற சின்னச் சின்ன வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம், என்ன பதில் சொல்வது என்பதுதான் அது. இலக்கணப் புத்தகத்தில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் வேலைக்குப் போன முதல் நாளே இடறுவது இங்கேதான். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: சொந்த ஊர் சுங்கை சிப்புட். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் எஞ்சினியர் ஒருவர் எதிரே வரும்போதெல்லாம் ‘ஹவ்ஸ் இட் கோயிங்?’ என்கிறார். நான் நின்று, இரவு ஷிப்டில் மிஷின் மக்கர் செய்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தாண்டிப் போய்விடுகிறார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவது அவமதிப்பு இல்லையா?

பதில்: இல்லவே இல்லை, தம்பி. அவர் உங்களைப் பார்த்துவிட்டேன் என்று சொல்கிறார், அவ்வளவுதான். நீங்களும் இதையே தினமும் தமிழில் செய்கிறீர்கள். காலையில் பக்கத்து வீட்டு அக்கா ‘பசியாறியாச்சா?’ என்று கேட்டால் எத்தனை தோசை, என்ன சட்னி என்று யாரும் கணக்குச் சொல்வதில்லை. ‘ஆச்சுக்கா, நீங்க?’ என்று நடந்துகொண்டே சொல்கிறோம். மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது ‘எங்க கெளம்பிட்டீங்க?’ என்று கேட்டால், ‘சும்மா, இப்படி டவுன் வரைக்கும்’ என்போம். கேட்டவருக்கும் அது போதும். உண்மையில் எங்கே போகிறோம் என்பது அங்கே பேச்சே இல்லை.

இந்த வகைப் பேச்சுக்கு மொழி அறிஞர்களிடம் ஒரு பெயர் உண்டு. போலந்தில் பிறந்த மானுடவியலாளர் பிரொனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி 1923இல் இதை ‘ஃபாட்டிக் கம்யூனியன்’ என்று குறிப்பிட்டார். செய்தி சொல்ல இல்லாமல், உறவை உயிரோடு வைத்திருக்கப் பேசுகிற பேச்சு என்று பொருள். பசிபிக் தீவு மக்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் ‘எங்கேயிருந்து வருகிறாய்?’ என்று கேட்பதை அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். நம் ஊர்க் கேள்வியேதான்.

இனி செய்முறை. நடந்துகொண்டே எதிர்ப்படும்போது பதில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகக்கூடாது: ‘குட், யூ?’ அல்லது ‘குட், தேங்க்ஸ்’. முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கால் நிற்க வேண்டாம். அவர் சொன்ன ‘ஹவ்ஸ் இட் கோயிங்’ என்பதையே அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு இருவரும் பதில் சொல்லாமலே போவதும் அமெரிக்கர்களிடம் சகஜம். வினோதமாகத் தெரியும். ஆனால் ‘வணக்கம்’ என்றால் ‘வணக்கம்’ என்று திருப்புவதைப் போல நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

தப்பு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, நீங்கள் செய்தது: நின்று விளக்கம் தொடங்குவது. அவருக்கு மீட்டிங்குக்கு நேரமாகியிருக்கும், மறுத்துவிட்டுப் போகவும் கூச்சமாக இருக்கும். இரண்டாவது இதைவிட மோசம்: ‘ஃபைன்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தணிந்த குரலில், கீழே பார்த்தபடி சொல்வது. மரியாதைக்காகத் தலை குனிகிறோம். அவர் காதில் அது ‘என்னிடம் பேசாதே’ என்று விழும்.

மிஷின் விஷயம் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு வேறு வாசல் இருக்கிறது. ‘மார்னிங். காட் எ மினிட்?’ என்று கேளுங்கள். கட்டாயம் நிற்பார். நிற்க முடியாவிட்டால் எப்போது வரலாம் என்று அவரே சொல்லிவிடுவார்.

உண்மையிலேயே நலம் கேட்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலைப் பாருங்கள். நின்றுவிட்டார், உடம்பு உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது, கேட்டபின் வாய்மூடிக் காத்திருக்கிறார் என்றால் அது நிஜக் கேள்வி. வார்த்தையிலும் அடையாளம் இருக்கும். ‘ஹவ் ஹேவ் யூ பீன்?’ என்பது போன முறை பார்த்ததிலிருந்து இதுவரை எப்படி என்று கேட்பது. ‘ஹவ் இஸ் யுவர் மதர்?’ என்று ஆளைக் குறிப்பிட்டால் அக்கறையோடு கேட்கிறார். ‘ஹவ் ஆர் யூ ஃபீலிங்?’ என்று ‘ஃபீலிங்’ சேர்ந்துவிட்டால் உடம்பைப் பற்றிய கேள்வி. அப்போதும் இரண்டு வாக்கியம் போதும், மேலே வேண்டுமென்றால் அவரே கேட்பார்.

கேள்வி: படிவம் ஐந்து மாணவி. ‘ஹவ் ஆர் யூ?’ என்றால் ‘ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?’ என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். இப்படி யாருமே பேசுவதில்லை, அது தப்பு என்கிறாள் என் தோழி. வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம், தங்கச்சி. தப்பே இல்லாத பதில் அது. இடிப்பது அதன் ராகம்தான். வகுப்பே எழுந்து நின்று ‘குட்… மார்னிங்… டீச்சர்’ என்று இழுக்கிற அதே ராகத்தில் இதையும் ஒப்பிக்கிறோம். எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை. ஆங்கிலம் அப்படி ஓடாது.

முதலில் கேட்கிறவர் ‘ஆர்’ என்பதை அழுத்துவார்: ஹவ் *ஆர்* யூ. பதில் சொல்லித் திருப்பிக் கேட்கிறவர் ‘யூ’வை அழுத்த வேண்டும்: குட், தேங்க்ஸ், ஹவ் ஆர் *யூ*? இரண்டாவது முறை புதிதாக வந்தது ஆள் மாறியதுதான், அதனால் எடை அங்கே விழுகிறது. தமிழில் இதே வேலையை ‘தான்’ செய்கிறது. ‘எப்படி இருக்கீங்க?’, ‘நல்லா இருக்கேன், நீங்கதான் எப்படி இருக்கீங்க?’ என்கிறோமே, அந்தத் ‘தான்’ ஆங்கிலத்தில் சொல்லாக வராமல் குரலின் ஏற்றமாக வருகிறது.

பழக, மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். கேள்விக்கு ‘ஆர்’ வரும்போது ஒரு தட்டு, திருப்பும்போது ‘யூ’வில் ஒரு தட்டு. தோழியை எதிரில் உட்காரவைத்து மாற்றி மாற்றிப் பத்து முறை சொன்னால் பிடிபட்டுவிடும். ‘ஐ’ம் ஆல்ஸோ ஃபைன்’ என்று சொல்லத் தோன்றினால் விட்டுவிடுங்கள், ‘குட், தேங்க்ஸ்’ என்றாலே முடிந்தது.

‘சோ-சோ’ என்றும் பாடப்புத்தகங்களில் இருக்கும். அதைத் தவிர்ப்பது நல்லது. ஆங்கிலம் தாய்மொழியான ஆட்கள் இந்த இடத்தில் அதை அபூர்வமாகத்தான் சொல்வார்கள். சொன்னால், ‘ஏன், என்ன ஆச்சு?’ என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் ஒரு பதில் தயார் செய்ய வேண்டும். களைப்பாக இருக்கிறது என்றால் ‘எ பிட் டயர்ட், பட் ஓகே. யூ?’ என்று சொல்லுங்கள். உண்மையும் சொன்னதாகும், பேச்சும் நிற்காது. பிரிட்டிஷ்காரர் ‘நாட் டூ பேட்’ என்றால் பரிதாபப்பட வேண்டாம், அவர் நன்றாகவே இருக்கிறார்.

கேள்வி: உரக்கடையில் வேலை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மாமா பையன் புலனத்தில் ‘வாட்ஸ் அப்?’ என்று அனுப்புகிறான். ‘ஃபைன்’ என்று போட்டால் சிரிப்புப் படம் வருகிறது. என்ன தப்பு?

பதில்: ‘என்ன விசேஷம்?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்போமா? ‘ஒண்ணும் இல்ல, நீ சொல்லு’ என்போம். ‘வாட்ஸ் அப்’பும் அப்படித்தான். ‘ஹவ்’ என்று தொடங்கினால் ‘எப்படி’, அதற்கு ‘ஃபைன்’ பொருந்தும். ‘வாட்’ என்று தொடங்கினால் ‘என்ன’, அதற்குப் பதில் ‘நாட் மச், யூ?’ அல்லது ‘நத்திங் மச்’. உண்மையில் ஏதாவது நடந்திருந்தால் ஒரு வரி: ‘ஜஸ்ட் காட் ஹோம் ஃப்ரம் ஒர்க்’. வெறும் ‘நத்திங்’ மட்டும் போடாதீர்கள், முறைத்துக்கொண்டு சொன்னது போல இருக்கும். அந்த ‘மச்’ சின்னச் சொல்தான், ஆனால் அதுதான் பதிலை இளக்குகிறது.

நீங்கள் செய்தி அனுப்புகிற செயலியின் பெயரே இந்தச் சொற்றொடரில் விளையாடியதுதான். 2009இல் தொடங்கியபோது ‘வாட்ஸ் அப்?’ என்று ஒலிக்கும்படி வாட்ஸ்ஆப் என்று வைத்தார்கள். ‘புலனம்’ என்று நல்ல தமிழில் சொல்லிப் பழகியதால் நமக்கு அந்தத் தொடர்பு கண்ணில் படவில்லை.

எழுத்தில் ஒரே மாதிரி தெரிந்தாலும் பேச்சில் இதற்கு மூன்று முகம். வேகமாக, லேசாக, சிரித்த முகத்தோடு வந்தால் வெறும் முகமன். நீங்கள் போன் செய்து, அந்தப் பக்கம் எடுத்தவர் ‘ஹே, வாட்ஸ் அப்?’ என்றால் ‘என்ன விஷயமா கூப்பிட்ட?’ என்று பொருள். அங்கே ‘நாட் மச்’ சொன்னால் ‘பிறகு ஏன் அழைத்தாய்’ என்று அவர் குழம்புவார், நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள். மூன்றாவது, மெதுவாக, குரல் இறங்கி, உங்கள் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்பது. அது ‘என்ன ஆச்சு?’ என்ற கரிசனம், பிரிட்டனில் இந்தப் பொருள் அதிகம் கேட்கும். பின்னால் ‘வித்’ ஒட்டி ‘வாட்ஸ் அப் வித் ஹிம்?’ என்றால் ‘அவனுக்கு என்ன வந்துச்சு?’ என்று வேறு ஆளைப் பற்றிய பேச்சாகிவிடும்.

நேர்முகத் தேர்விலும், முதல் முறை பார்க்கிற அதிகாரியிடமும் ‘வாட்ஸ் அப்’ வேண்டாம். தோளில் கை போடக்கூடிய ஆளிடம்தான் அது எடுபடும்.

கேள்வி: என் மகன் இங்கிலாந்து லீட்ஸில் படிக்கிறான். வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே கடைக்குள் போனான். கல்லாவில் இருந்த பெண் ‘யூ ஆல்ரைட், லவ்?’ என்றாள். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. அவனுக்கு உடம்பு சரியில்லையா? அந்த ‘லவ்’ எதற்கு? கேட்டால் சிரிக்கிறான். ஒரு தாய் பயப்படுவது தப்பா?

பதில்: பயப்பட்டது தப்பே இல்லை அம்மா, இரண்டு சொல்லும் அப்படிப்பட்டவை. ஆனால் நிம்மதியாக இருங்கள். நம் கடைத்தெருவில் காய்கறி விற்கிற அம்மா யார் பிள்ளை என்று தெரியாமலே ‘என்ன வேணும் ராசா?’, ‘சொல்லு கண்ணு’ என்பார்களே, அந்த ‘ராசா’தான் இந்த ‘லவ்’. லீட்ஸ் இருக்கிற யார்க்‌ஷையரில் கடை, பஸ், மருத்துவமனை எங்கும் இதைக் கேட்கலாம். ஊருக்கு ஊர் சொல் மாறும். டெர்பி, நாட்டிங்காம் பக்கம் ‘டக்’ என்பார்கள். பறவையின் பெயர்தான், ஆனால் செல்லம். நியூகாசில் பக்கம் ‘பெட்’. கிளாஸ்கோவில் பெண்களை ‘ஹென்’ என்று அழைப்பதுண்டு.

‘யூ ஆல்ரைட்?’ என்பதில் அமெரிக்கர்களே தடுமாறுவார்கள், ‘நான் நோயாளி போலத் தெரிகிறேனா?’ என்று. பிரிட்டனில் அது வெறும் ‘ஹலோ’. நண்பன் சொன்னால் ‘யெஸ், யூ?’ அல்லது அதே ‘ஆல்ரைட்?’ பதில். கடைக்காரர் சொன்னால் ‘என்ன வேணும்?’ என்று அர்த்தம். அங்கே ‘ஐ’ம் ஃபைன்’ என்று நிறுத்தினால் அவர் காத்துக்கொண்டே நிற்பார், வேண்டிய பொருளைச் சொல்ல வேண்டும். சும்மா பார்க்க வந்திருந்தால் ‘ஜஸ்ட் லுக்கிங், தேங்க்ஸ்’.

உண்மையான கவலை வேறு மாதிரி ஒலிக்கும். அப்போது ‘ஆர் யூ’ முழுசாக வரும், ‘ரைட்’டில் அழுத்தம் விழும், பேசுகிறவர் கிட்டே வருவார்: ‘ஆர் யூ ஆல் *ரைட்*?’ படியில் வழுக்கி விழுந்தவரிடம் கேட்பது அது.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். அந்த ‘லவ்’வை அவன் திருப்பிச் சொல்லக்கூடாது. ‘ராசா’ என்ற அம்மாவிடம் நாம் ‘சரி ராசா’ என்பதில்லை. வயதும் ஊர்ப்பழக்கமும் கொடுத்த உரிமை அது. வெளியூர்ப் பையன் உடன் படிக்கும் பெண்ணையோ விரிவுரையாளரையோ அப்படி அழைத்தால் முகம் சுளிப்பார்கள். இணையத்தில் பொருள் விற்கிறவர்கள் நம் நாட்டில் எல்லாருக்கும் ‘ஹாய் டியர்’ போடுகிறார்களே, அதை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பாமல் இருப்பதும் இதே காரணத்தால் நல்லது.

கேள்வி: ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி. வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் ‘ஹவ் டூ யூ டூ’ என்று கற்றுக்கொண்டேன். இப்போது வந்திருக்கும் இளம் மானேஜர் என்னைப் பார்த்ததும் ‘ஹேய்!’ என்கிறார். என் வயதுக்கு இது மரியாதையா?

பதில்: ஐயா, உங்கள் காதில் விழுந்தது தமிழ் ‘ஏய்’. அவர் வாயில் வந்தது ஆங்கில ‘ஹே’. ஒலி ஒன்று, இடம் வேறு. தமிழ் ‘ஏய்’ கீழே இருப்பவரை அதட்டும். இன்றைய ஆங்கிலத்தில், முக்கியமாக அமெரிக்கப் பழக்கத்தில், ‘ஹே’ என்பது ‘ஹாய்’க்கு இன்னொரு உருவம். குட்டையாக, குரல் இறங்கி, புருவம் உயர்ந்து வந்தால் மகிழ்ச்சிதான். நீளமாக, சத்தமாக, குரல் ஏறி வந்தால் மட்டும் அது ஆங்கிலத்திலும் அதட்டல்: கைப்பையைப் பறித்து ஓடுகிறவனைப் பார்த்துக் கத்துவது போல.

ஆனாலும் உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. தமிழ்ப் பெரியவர்களோடு வேலை செய்கிறவர் ‘ஹே’யோடு பெயரையோ ‘அங்கிள்’ என்பதையோ சேர்த்தால் அந்த முள் மறைந்துவிடும். ‘குட் மார்னிங், மிஸ்டர்…’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் கேட்ட தொனியிலேயே பதில் தருவார்கள்.

‘ஹவ் டூ யூ டூ’ செத்துவிடவில்லை, பெட்டிக்குள் இருக்கிறது. முதல் முறை அறிமுகமாகும்போது, கைகுலுக்கும் நேரத்தில் மட்டும் சொல்வது. அதற்குப் பதிலும் ‘ஹவ் டூ யூ டூ’ தான், ‘ஃபைன்’ இல்லை. இங்கிலாந்திலேயே இப்போது அபூர்வம், அதன் இடத்தை ‘நைஸ் டு மீட் யூ’ எடுத்துக்கொண்டது. அதிலும் ஒரு கண்ணி உண்டு: ‘மீட்’ முதல் சந்திப்புக்கு மட்டும். இரண்டாம் முறை பார்க்கும்போது ‘நைஸ் டு ஸீ யூ’. மாற்றிச் சொன்னால் போன முறை பார்த்ததையே மறந்துவிட்டோம் என்று ஆகும்.

கேள்வி: பங்கோர் தீவு விடுதியில் வரவேற்பு மேசையில் பயிற்சி. இரவு எட்டரைக்கு வந்த விருந்தினரிடம் ‘குட் நைட், சார்’ என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

பதில்: வந்தவரை வாசலிலேயே வழியனுப்பிவிட்டீர்கள். ‘குட் நைட்’ பிரியும்போது மட்டும். மலாயில் இரவில் பார்த்தாலும் ‘செலாமாட் மாலாம்’, தமிழிலும் ‘இரவு வணக்கம்’ என்கிறோம், அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. பகல் 12 வரை ‘குட் மார்னிங்’, பிறகு ‘குட் ஆஃப்டர்நூன்’, மாலை 6 மணி வாக்கிலிருந்து எவ்வளவு இருட்டினாலும் ‘குட் ஈவ்னிங்’. நள்ளிரவு தாண்டிப் படகும் காரும் மாறிக் களைத்து வருகிறவரிடம் நேரமே சொல்ல வேண்டாம், ‘ஹலோ, வெல்கம்’ போதும். சாவியைக் கொடுத்து அறைக்கு அனுப்பும்போது ‘குட் நைட்’ சொல்லுங்கள், அப்போது அது பொருந்தும்.

கேள்வி: வீட்டில் வெளிநாட்டுப் பயணிகளைத் தங்க வைக்கிறோம். ‘ஹேவ் யூ ஈட்டன்?’, ‘வேர் ஆர் யூ கோயிங்?’ என்று அன்பாகக் கேட்கலாம்தானே?

பதில்: அன்பு சரிதான், ஆனால் இரண்டும் அவர்களுக்கு நிஜக் கேள்விகள். முதலாவதைக் கேட்டால் சாப்பாடு போடப்போகிறீர்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிடலாம். இரண்டாவது வேவு பார்ப்பது போல ஒலிக்கும், தனியாக வந்த பெண்களுக்குச் சங்கடமாகவும் இருக்கும். ‘மார்னிங்! ஸ்லெப்ட் வெல்?’ என்று கேளுங்கள். வெளியே கிளம்பும்போது ‘ஹேவ் எ நைஸ் டே’. வழி சொல்லி உதவ வேண்டுமென்றால் ‘எனி பிளான்ஸ் டுடே?’ என்று கேட்டுப் பாருங்கள், சொல்ல விருப்பமிருந்தால் சொல்வார்கள்.

கேள்வி: ‘லாங் டைம் நோ ஸீ’ என்பதில் இலக்கணமே இல்லையே? சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். எழுவாய் இல்லை, வினையும் ஒழுங்காக இல்லை, ஆனாலும் ஆங்கிலம் தாய்மொழியான ஆட்களே சொல்கிறார்கள். ஈப்போ பக்கம் சீன நண்பர்கள் நெடுநாள் கழித்துப் பார்த்தால் கன்டனீஸில் ‘ஹோ நோய் மோ கின்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் அதே அச்சுதான். நண்பர்களிடம் பேச்சில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகக் கடிதத்தில் ‘இட்ஸ் பீன் எ வைல்’ பொருத்தமாக இருக்கும். உங்களிடம் யாராவது சொன்னால் ‘ஐ நோ! ஹவ் ஹேவ் யூ பீன்?’ என்று திருப்புங்கள். முதல் பதிலில் சொன்னோமே, இது நிஜக் கேள்வி. அதனால் கேட்டுவிட்டு நடந்துவிடாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள்.